கிளீட்டஸ் எத்தனை கிராம்

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குப் பின்னால் எவ்வளவு புகை ஒளிந்திருக்கிறது என்று சொல்வது சுபிக்ஷாவின் வேலை. ஹைட்ரஜனில் புகை கிடையாது. எரித்தால் நீராவிதான் வரும். ஆனால் அதைத் தண்ணீரிலிருந்து பிரிக்க மின்சாரம் வேண்டும், மின்சாரம் எங்கிருந்தோ வர வேண்டும், அந்த எங்கிருந்தோவில்தான் எல்லாப் பொய்களும் இருந்தன. ஒரு காலத்தில் நிலக்கரி மின்சாரத்தில் பிரித்ததைக் காற்றாலையில் பிரித்ததாகச் சொல்லி விற்றார்கள். வருடக்கணக்காக உலகம் நம்பியது. அந்தப் பொய்ச் சான்றுகளின் காலம் முடிந்து வந்த கோடையில் சுபிக்ஷாவின் தம்பி இறந்தான். வீடுவீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். ஈரோட்டில் ஒரு நண்பகலில், வேப்பமர நிழலை எட்டுவதற்குச் சற்று முன்னால் வெயில் தாங்காமல் வண்டியோடு சரிந்தான்.

அதற்குப் பிறகு அவள் எந்த எண்ணோடும் சமரசம் செய்துகொண்டதில்லை. எது கணக்கின் எல்லைக் கோட்டுக்கு உள்ளே, எது வெளியே என்று கேட்காமல் எதையும் பார்க்க முடியாதவளாகவும் ஆகிப்போனாள். விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்ட அன்று கணவர், "உன் கணக்குல நான் உள்ளயா, வெளியயா?" என்று கேட்டார். அவள் உண்மையாகவே யோசிக்கத் தொடங்கினாள். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

வெள்ளிமுனை ஆலைக்கு அவள் வந்தபோது ஐப்பசி பிறந்திருந்தது. தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவில் வெள்ளை டேங்குகள் வரிசையாக நின்றன. அந்த வருடம் காற்று ஏமாற்றிவிட்டிருந்தது. ஆடியில்கூடக் காற்றாலைகள் பாதி நேரம் சும்மா நின்றன. சான்று ஆணையம் விதித்திருந்த அளவுக்கு மயிரிழை மேலே நின்றது ஆலையின் எண், ஒரு கிலோவுக்கு இத்தனை கிராம் புகை என்கிற எண். மயிரிழை என்றாலும் மேலேதான். சான்று இல்லாவிட்டால் துறைமுகத்தில் எந்தக் கப்பலும் ஏற்றாது. ஊரில் பாதி வீடுகளில் இந்த ஆலைச் சம்பளம்தான்.

எண் ஏன் ஏறியது என்று தேடிக்கொண்டு போனவள், ஆலைக்குத் தேவையே இல்லாத ஒரு கம்ப்ரசரிடம் போய் நின்றாள். காற்று வீசாத நேரங்களிலும் அது ஓடிக்கொண்டிருந்தது. அப்போதெல்லாம் ஊர்ப் பொது மின்கம்பியிலிருந்து மின்சாரம் இழுத்தது. அந்தக் கம்பியில் இன்னும் கொஞ்சம் நிலக்கரி மிச்சமிருந்தது.

"இது எதுக்கு ஓடுது?" என்று கேட்டாள்.

கூட வந்த ஷிப்ட் பொறியாளர் ஜோவிட்டா முப்பதைத் தாண்டியவள். தலைக்கவசத்துக்குள்ளேயும் மல்லிகைப்பூ வைத்திருந்தாள். கொஞ்சம் தயங்கினாள்.

"அது காத்துக்கு மேடம்."

"என்ன காத்து?"

"நடந்து வாறியளா? பக்கந்தான். காட்டுதேன்."

கம்ப்ரசரிலிருந்து புறப்பட்ட பச்சைக் குழாய் வேலியைத் தாண்டி உப்பளக் கரையோரமாகப் போனது. போகும் வழியில் ஜோவிட்டா சொன்னாள். தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜன் ஒரு பங்கு என்றால் எடையில் எட்டுப் பங்கு ஆக்சிஜன் வருகிறது. அதை வாங்க ஆளில்லை. வானத்தில் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆலை தொடங்கிய வருடம் ஒருநாள் வாயு கசிந்து பழுதுபார்க்கும் கொட்டகை வெடித்துச் சிதறியது. உள்ளே இருந்திருக்க வேண்டிய அத்தனை பேரும் அன்றைக்கு மாதா கோயில் அசன விருந்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. உயிர் பிழைத்தவர்கள் நேர்ச்சை வைத்தார்கள். ஆலையிலிருந்து வீணாகப் போகும் காற்றை ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பது என்று. விடுமுறை நாட்களில் தாங்களே பள்ளம் தோண்டிக் குழாய் பதித்தார்கள். முன்பிருந்த மேலாளரும் அசனத்துக்குப் போயிருந்தவர்தான். சம்மதித்தார்.

"சரி, கம்ப்ரசரை ஏன் ஆலை மீட்டர்ல மாட்டினீங்க? ஆஸ்பத்திரி மீட்டர்ல போட்டிருந்தா அது எல்லைக் கோட்டுக்கு வெளிய போயிருக்கும். இந்தப் பிரச்சனையே வந்திருக்காது."

"அப்ப கரண்டு பில்லு ஆஸ்பத்திரிக்குல்லா போவும்? நேர்ச்சைய நம்ம வச்சிட்டு, துட்ட அவிய கட்டுனா அது என்ன நேர்ச்சை மேடம்?"

சுபிக்ஷா குழாயைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். மீட்டரை இப்போது மாற்றிக்கொள்ளவும் முடியாது. ஆய்வு நடக்கும் வருடத்தில் எதையாவது கோட்டுக்கு வெளியே தள்ளினால், புகையை ஒளித்ததாகவே விதி எடுத்துக்கொள்ளும். அந்த விதி வந்த காரணம் அவளுக்குத் தெரியும். அது சரியான விதி.

ஆஸ்பத்திரி ஓட்டுக் கூரை போட்ட நீளமான கட்டடம். கடைசி அறையை ஊரில் காத்து வார்டு என்றார்கள். கட்டிலுக்குக் கட்டில் சுவரிலிருந்து குழாய் இறங்கியது. படுத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே வேலை செய்தவர்கள். மூடப்பட்ட அனல் மின் நிலையத்தின் சாம்பல் ஏரியை அள்ளிச் சுத்தம் செய்ய ஒப்பந்தக்காரர் ஒருவர் ஆள் பிடித்தபோது போனவர்கள். முகத்துக்குத் துண்டு கட்டிக்கொண்டு அள்ளினார்கள். சாம்பல் துண்டைவிட மெல்லியது. ஏரி சுத்தமானது. நுரையீரல் கல்லானது.

ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவர் கிளீட்டஸ், ஜோவிட்டாவின் கணவர். உயரமான மனிதர். இப்போது தோள் எலும்புகளில் சட்டையை மாட்டி வைத்திருப்பதுபோல் இருந்தார். ஒவ்வொரு சொற்றொடருக்கும் நடுவில் மூச்சு வாங்குவதற்காக நின்றார். அந்த இடைவெளியில் கண்களால் சிரித்தார்.

"வாங்க மேடம். எங்க வீட்டம்மா சொன்னா... எல்லாத்துக்கும் கிராம் கணக்கு போடுவியளாம்ல?"

"ஆமா."

"அப்ப நான்... எத்தன கிராம்?"

பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாயிற்று. ஜோவிட்டா அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டி, வாய மூடும், மேடம் பெரிய ஆபீசர் என்றாள். கிளீட்டஸ் விடவில்லை. உள்ளதைச் சொல்லுங்க, நான் ஒண்ணும் கோவிச்சிக்கிட மாட்டேன் என்றார்.

அப்புறம் சொல்கிறேன் என்று சுபிக்ஷா சிரித்து வைத்தாள். ஆனால் அவள் மனம் அதற்குள் கணக்கைத் தொடங்கிவிட்டிருந்தது. நிமிடத்துக்கு இத்தனை லிட்டர், அதைத் தள்ள இவ்வளவு மின்சாரம், அதில் இவ்வளவு நிலக்கரி. ஒரு மனிதர் கேலியாகக் கேட்டதற்குத் தன் மூளை விடை தேடிக்கொண்டிருப்பதை அவள் வெளியே நின்று பார்ப்பதுபோல் பார்த்தாள். நிறுத்த முடியவில்லை. ஆலைக்குத் திரும்பி வருவதற்குள் விடை வந்துவிட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

மேலாளர் இளம்பரிதி புதிதாக வந்தவர், அசனத்துக்குப் போயிருந்தவர் அல்ல. வருத்தத்தோடுதான் பேசினார். கம்ப்ரசரை நிறுத்திவிட்டால் எண் இறங்கிவிடும், ஊருக்கு வேலை இருக்கும், வார்டுக்கு வேறு ஏதாவது பார்க்கலாம் என்றார். அந்த வேறு ஏதாவது என்ன என்று அவருக்கும் தெரியவில்லை.

தங்கியிருந்த அறையில் சுபிக்ஷா விதிகளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அவளுக்கு மனப்பாடமானவைதான். ஆனால் இதுவரை ஒருவரைப் பிடிப்பதற்காகவே படித்திருந்தாள். ஒருவரை விடுவிப்பதற்காகப் படிப்பது இதுதான் முதல் தடவை. அப்படிப் படிக்கும்போது அதே வரி வேறு ஒன்றைச் சொன்னது.

விலைக்கு விற்கப்படுவது மட்டுமே விளைபொருள். விளைபொருள் ஒவ்வொன்றும் தன் எடைக்கேற்ப ஆலையின் புகையில் பங்கைச் சுமக்கும். இலவசமாகப் போவது கழிவு. கழிவு எதையும் சுமக்காது. அதன் பாரமும் ஹைட்ரஜன் தலையில்தான் விழும்.

வெள்ளிமுனைக்காரர்கள் ஆக்சிஜனைத் தானம் கொடுத்தார்கள். அதனால்தான் அது விதியின் கண்ணில் குப்பை. ஒரு ரூபாய் விலை வைத்தால் போதும், வார்டுக்குப் போகும் ஆக்சிஜன் தன் பங்குப் புகையை எடுத்துக்கொண்டு போய்விடும், எண் அளவுக்குள் இறங்கிவிடும். பழைய கணக்கைத் திருத்தாமலே வருடத்தின் மிச்ச மாதங்கள் ஈடுகட்டிவிடும். இதில் பொய் எதுவும் இல்லை. அவள் மறுபடி மறுபடி தேடினாள். இல்லை.

ஜோவிட்டாவிடம் சொன்னபோது அவள் முகம் மலரும் என்று நினைத்திருந்தாள். ஜோவிட்டா தரையைப் பார்த்தாள்.

"நேர்ச்சைப் பொருள விக்கக் கூடாதுக்கா."

மேடம் அக்காவானதை இருவருமே கவனித்தார்கள்.

"பேருக்குத்தான் ஜோவிட்டா. ஒரு ரூபா."

"ஒரு ரூவான்னாலும் வித்தது வித்ததுதான. கோயிலுக்கு விட்ட ஆட்ட ஒரு ரூவாய்க்கு வித்தேன்னா, ஊரு என்ன சொல்லும்? மாதா என்ன சொல்லுவா?"

"இல்லாட்டி குழாயை அடைச்சிருவாங்க."

ஜோவிட்டா கூந்தல் பூவைத் தொட்டுச் சரிசெய்துகொண்டாள். பிறகு, நான் எங்க ஆளுககிட்ட பேசுதேன் என்றாள். அவள் பேசியதைச் சுபிக்ஷா கேட்கவில்லை, பிறகு தெரிந்துகொண்டாள். குழாய் பதித்தவர்களில் மூத்தவர் ஒருவர் எழுந்து போய்விட்டாராம். உன் புருசனுக்காவ எல்லாரோட நேர்ச்சையையும் விக்கப் பாக்க என்றாளாம் ஒருத்தி. ஆமா, எம் புருசனுக்காவத்தான் என்று ஜோவிட்டா சொன்னாளாம். அதற்கு மேல் யாரும் எதிர்க்கவில்லை.

ஒப்பந்தம் ஆஸ்பத்திரி வாசலில் கையெழுத்தானது. முதல் ரூபாயைத் தான்தான் கொடுப்பேன் என்று கிளீட்டஸ் அடம்பிடித்துச் சக்கர நாற்காலியில் வந்தார். இளம்பரிதியின் உள்ளங்கையில் நாணயத்தை வைத்து, மிச்சம் குடுக்கணும் சார் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எண் அளவுக்குள் வந்தது. சான்றின் கடைசியில் திரையில் எப்போதும் வரும் கேள்வி வந்தது: எல்லைக்குள் உள்ள அனைத்தும் கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளதா? அவள் ஆம் என்று அழுத்தினாள். சென்னைக்குத் திரும்பும் வழியில், தம்பி இறந்த பிறகு முதல்முறையாக, அவனை நினைத்தபோது வெயில் ஞாபகத்துக்கு வரவில்லை. அவன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சிரிப்பது வந்தது.

மாசியில் ஆணையத்தில் அவளைப் போன்ற கணக்காய்வாளர்களின் கூட்டம் நடந்தது. வெள்ளிமுனையைப் பார்த்து மற்ற ஆலைகளும் கழிவுகளுக்கு ஒரு ரூபாய் விலை வைக்கத் தொடங்கியிருந்தன. ஒன்று உப்புக்கழிவை விற்றது, ஒன்று வெந்நீரை விற்றது. வாங்கியது அவர்களுடைய சொந்தத் துணை நிறுவனங்களே. பழைய பொய்ச் சான்றுகள் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. ஆகவே ஒரு திருத்தம் முன்வைக்கப்பட்டது. பெயரளவு விலை விலையாகாது, திறந்த ஏலத்தில் கிடைப்பதே விலை. சம்மதிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள்.

சுபிக்ஷாவுக்குக் காத்து வார்டு நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. ஆஸ்பத்திரியும் ஏலத்தில் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டாள், உப்பளக் கரையோரத்து அந்தக் காற்றை வேறு யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். தம்பி விழுந்த தெருவும் நினைவுக்கு வந்தது. திருத்தம் சரியானது. எழுதச் சொல்லியிருந்தால் அவளே இதைத்தான் எழுதியிருப்பாள். கையைத் தூக்கினாள்.

மறு வருடம் அவள் வந்தபோது வெள்ளிமுனையின் எண்தான் அந்தக் கடற்கரையிலேயே மிகக் குறைவு. இளம்பரிதி வாசலுக்கே வந்து வரவேற்றார். எல்லாம் உங்க யோசனைதான் மேடம் என்றார். கம்ப்ரசர் இருந்த இடத்தில் இன்னும் பெரிய கம்ப்ரசர்கள் மூன்று ஓடின. ஆக்சிஜன் முழுவதும் விற்பனையாகிறது, ஒரு துளிகூட வானத்துக்குப் போவதில்லை என்றார். எடைக்கு எடை புகையையும் அது சுமந்து போய்விடுவதால் ஹைட்ரஜன் ஏறக்குறைய வெறுங்கையோடு கப்பலேறுகிறது.

அவள் பச்சைக் குழாயைத் தொடர்ந்து தனியாக நடந்தாள். உப்பளக் கரையில் குழாய் இடப்பக்கம் திரும்பி இருந்தது. போன வருடம் அங்கே திருப்பம் இல்லை. அதன் முடிவில் சதுரம் சதுரமாகக் குளங்கள். கறுப்புத் தாள் விரித்த குளங்களில் அடியிலிருந்து குமிழிகள் எழும்பிக்கொண்டே இருந்தன. தண்ணீருக்குள் ஆயிரக்கணக்கில் இறால்கள் அசைந்தன. ஏலத்தில் இறால் பண்ணைதான் எடுத்தது. முழுவதும் ஒரே கைக்கு என்பது அவர்கள் நிபந்தனை. ஆஸ்பத்திரி சொன்ன தொகையைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை, பண்பானவர்கள். அடுத்த கையைப் பார்த்தார்கள்.

ஆக்சிஜன் சுமந்துவந்த புகையை இறால்கள் எங்கே கொண்டுபோய் வைக்கும் என்று அவள் யோசித்தாள். இறாலிடம் யாரும் சான்று கேட்பதில்லை. ஆலையின் புகை ஒரு கிராம்கூடக் குறையவில்லை. அது கோட்டைத் தாண்டி நடந்து போயிருந்தது, அவ்வளவுதான். இந்தப் புகையும் ஏதோ ஒரு தெருவில் வேப்பமரத்து நிழலுக்குச் சற்று முன்னால் யாருக்காகவோ காத்திருக்கிறது.

ஜோவிட்டா ஷிப்டில்தான் இருந்தாள். பூ வைத்திருக்கவில்லை. கேட்கும் முன்னாலேயே சுபிக்ஷாவுக்குத் தெரிந்துவிட்டது. இருவரும் கம்ப்ரசர் கொட்டகைக்கு வெளியே, சத்தம் கொஞ்சம் குறைந்த இடத்தில் நின்றார்கள்.

குழாய் நின்ற பிறகு வார்டில் காற்றைப் பிரித்தெடுக்கும் சின்ன மெஷின்கள் வாங்கி வைத்தார்கள் என்று ஜோவிட்டா சொன்னாள். மின்சாரம் போகும்போது டீசல் ஜெனரேட்டர். காற்று இல்லாத மாதங்களில் மின்சாரம் போய்க்கொண்டே இருந்தது. ஜெனரேட்டர் புகை ஜன்னல் வழியாக வார்டுக்குள் வரும், எல்லோரும் இருமுவார்கள். கிளீட்டஸ்தான் அதற்கும் வேடிக்கை சொல்வார், சாம்பல் ஏரி நம்மளத் தேடி வந்திருக்குடே என்று. ஒரு சாயங்காலம் டீசல் தீர்ந்தது. வாங்கப் போனவன் வருவதற்குள் ஜன்னலோரக் கட்டில் அமைதியாகிவிட்டது.

சுபிக்ஷா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஏலத் திருத்தத்துக்குக் கை தூக்கினவர்களில் நானும் ஒருத்தி என்பதைத்தான் சொல்ல வந்தாள். ஜோவிட்டா முந்திக்கொண்டாள்.

"உங்க மேல ஒண்ணுமில்ல. வித்தது நான்லா. விக்காம இருந்திருந்தா அன்னைக்கே அடச்சிருப்பாவ, அதுவும் தெரியும். ஆனா நேர்ச்சையா போயிருக்கும். இப்ப வெலையா போச்சி."

"ஜோவிட்டா..."

"வெல வச்சா வாங்க ஆளு வருவான்னு எனக்குத் தெரியாமப் போச்சே. மீன் ஏலக் கூடத்துலயே வளந்தவ நான்."

கம்ப்ரசர்களில் ஒன்று நின்று இன்னொன்று தொடங்கியது. அந்த இடைவெளியில் கடல் கேட்டது.

"அவரு ஒண்ணு கேட்டாரே உங்ககிட்ட. எத்தன கிராம்னு. அப்புறம் சொல்லுதேன்னு போனிய. கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு, அந்த மேடம் வந்தாவளா, கணக்கு போட்டாவளான்னு. கேலிக்குத்தான்."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராவது அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். சுபிக்ஷாவுக்குத் தெரியும். ஒரு வருடமாக அந்த எண் அவளுக்குள் இருந்தது, தவறாக விழுங்கிவிட்ட விதைபோல.

"ரொம்பக் கொஞ்சம்," என்றாள். "அவர் மூச்சு விடறப்ப வெளிய வர்ற கரியமில வாயு இருக்கில்ல, அதைவிடக் குறைவு. அவருக்குக் காத்து தள்ளினதுல வந்த புகை, அவர் விட்ட மூச்சுல இருந்ததைவிடக் குறைவுதான்."

ஜோவிட்டா அதை மெல்ல மனதில் நிறுத்திப் பார்த்தாள். பொறியாளர், அவளுக்குக் கணக்குப் புரியும்.

"அப்ப அந்தப் புகையும் அவரு மூச்சும் இப்ப ரெண்டுமே மிச்சம்," என்றாள்.

குரலில் கசப்பு இல்லை. ஷிப்ட் குறிப்பு சொல்வதுபோலச் சொன்னாள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள், கிழக்கே காற்று எழுகிறது, தண்ணீர் பிரிக்கும் எந்திரங்களின் வேகத்தை ஏற்ற வேண்டும் என்று. ஜோவிட்டா தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள்.

"காத்து வந்துட்டு. வாரேன் மேடம்."

கையெழுத்துப் போட மறுக்கலாமா என்று சுபிக்ஷா அறையில் உட்கார்ந்து யோசித்தாள். மறுப்பதற்கு ஒரு பொய் வேண்டும். எங்கேயும் பொய் இல்லை. மீட்டர்கள் சரி, ஏலம் சரி, எடை சரி. டீசல் ஜெனரேட்டர் கோட்டுக்கு வெளியே. இறால் வெளியே. மாதாவுக்குச் சொன்ன வார்த்தை வெளியே. ஜன்னலோரக் கட்டில் வெளியே. கோட்டின் இந்தப் பக்கம் துடைத்துவைத்த தரைபோல இருந்தது, அதன் நடுவில் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். உன் கணக்குல நான் உள்ளயா, வெளியயா என்று கேட்ட கணவரின் முகம் வந்தது. இப்போது அவர் கேட்டால் உடனே பதில் சொல்வாள், உள்ளே யாருமே இல்லை என்று.

வெளியே காற்றாலைகள் ஒவ்வொன்றாகச் சுழலத் தொடங்கின. துறைமுகத்தில் கப்பல் காத்திருந்தது. இளம்பரிதி அவள் காரில் ஐஸ் போட்ட பெட்டி ஒன்றை வைக்கச் சொல்லியிருந்தார், பண்ணையின் முதல் அறுவடை, உங்களுக்குத்தான் முதலில் என்று.

திரையில் கடைசிக் கேள்வி வந்து நின்றது. எல்லைக்குள் உள்ள அனைத்தும் கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளதா?

அவள் கேள்வியை ஒருமுறை முழுதாகப் படித்தாள். ஆம் என்று அழுத்தினாள்.